கணக்கு பிசகிய கதைகள் – 9: வாய்மொழியில் போன ஒன்றேகால் கோடி

1958ஆம் ஆண்டு பிப்ரவரி 28. மக்களவையில் மத்திய பட்ஜெட்டைப் படிக்க எழுந்தவர் பிரதமர் நேரு. சுதந்திர இந்தியாவில் பிரதமரே பட்ஜெட் தாக்கல் செய்தது அதுதான் முதல் முறை. நிதியமைச்சர் பதவி காலியாகிச் சில நாட்களே ஆகியிருந்தன. அந்தப் பொறுப்பில் இருந்து விலகியவர் சென்னைக்காரர், டி.டி. கிருஷ்ணமாச்சாரி.

இன்று தமிழ் வீடுகளில் குக்கர் பெயரோடு சேர்த்து அறியப்படும் டி.டி.கே. குழுமத்தை 1928இல் தொடங்கியவர் அவர். அரசியல் சாசன வரைவுக் குழுவில் உறுப்பினர். நேருவின் அமைச்சரவையில் வர்த்தகம், தொழில் துறைகளைப் பார்த்துவிட்டு 1956இல் நிதித்துறைக்கு வந்தார். சொத்து வரி, செலவு வரி என்று இரண்டு புதிய வரிகளை 1957இல் கொண்டுவந்து பெருமுதலாளிகளின் முணுமுணுப்பைச் சம்பாதித்துக்கொண்டவர். அப்படிப்பட்டவரின் பதவியைக் கல்கத்தாவைச் சேர்ந்த ஒரு பங்குச் சந்தை வியாபாரியின் விவகாரம் பறித்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய நிதி ஊழல் என்று இன்றும் சொல்லப்படும் முந்த்ரா விவகாரம் அது.

சென்ற அத்தியாயத்தில் டால்மியாவின் கதையைப் பார்த்தோம். பாரத் இன்சூரன்ஸ் கம்பெனியில் மக்கள் கட்டிய பிரீமியப் பணத்தில் இரண்டு கோடிக்கும் மேலான தொகையைக் கையாடிய குற்றத்துக்காக ராமகிருஷ்ண டால்மியா சிறைக்குப் போனார். அந்த முறைகேட்டை 1955 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அம்பலப்படுத்தியவர் ரேபரேலி உறுப்பினர் பெரோஸ் காந்தி. அடுத்த சில வாரங்களில், 1956 ஜனவரி 19 அன்று, ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசே எடுத்துக்கொள்வதாக அன்றைய நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் அறிவித்தார். 245 நிறுவனங்களும் சங்கங்களும் ஒன்றாக இணைக்கப்பட்டு, அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி எல்.ஐ.சி. பிறந்தது.

தனியார் முதலாளி கைவைத்துவிடுகிறான். அரசு நிறுவனமாகிவிட்டால் பாலிசிதாரரின் பணம் பத்திரமாக இருக்கும். நாடு இந்த நம்பிக்கையோடுதான் எல்.ஐ.சி.யை ஏற்றுக்கொண்டது. நம்பிக்கைக்குப் பத்தே மாதத்தில் சோதனை வந்தது.

சட்டம் போட்ட இரண்டு பூட்டுகள்

எல்.ஐ.சி. சட்டத்தை எழுதியவர்கள் விவரம் தெரிந்தவர்கள். பெரும் பணம் ஒரே இடத்தில் சேரும்போது இரண்டு திசைகளிலிருந்து ஆபத்து வரும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒன்று, உள்ளே இருப்பவர்களின் அவசர முடிவு. மற்றொன்று, மேலே இருப்பவர்களின் அழுத்தம்.

முதல் ஆபத்துக்காக ஒரு முதலீட்டுக் குழு ஏற்படுத்தப்பட்டது. நிறுவனத்தின் பணத்தை எங்கே போடலாம் என்று ஆலோசனை சொல்வது அதன் வேலை. இரண்டாவது ஆபத்துக்காகச் சட்டத்தின் 21ஆம் பிரிவு எழுதப்பட்டது. பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் மத்திய அரசு எல்.ஐ.சி.க்குக் கட்டளையிடலாம், ஆனால் அந்தக் கட்டளை எழுத்தில் இருக்க வேண்டும். யார் சொன்னார், எதற்காகச் சொன்னார் என்பது கோப்பில் நிற்க வேண்டும். பின்னால் கேள்வி வந்தால் பதில் சொல்ல ஒரு கையெழுத்து இருக்க வேண்டும்.

இரண்டு ஏற்பாடுகளும் நல்லவை. 1957 ஜூன் மாதம் இரண்டையும் யாரும் உடைக்கவில்லை. அவை அங்கே இருப்பதையே கண்டுகொள்ளாமல் பக்கவாட்டில் நடந்து போய்விட்டார்கள்.

முந்த்ரா யார்?

ஹரிதாஸ் முந்த்ரா மின்சார பல்பு விற்பனையாளராக வாழ்க்கையைத் தொடங்கியவர் என்பார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தங்கள் கம்பெனிகளை விற்றுவிட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். முந்த்ராவுக்கு அது பொற்காலம். கல்கத்தாவில் 18ஆம் நூற்றாண்டிலேயே வேர்விட்ட ஜெஸ்ஸாப், பம்பாயின் பொறியியல் நிறுவனமான ரிச்சர்ட்சன் அண்ட் க்ரட்டாஸ், லால் இம்லி கம்பளித் துணிக்குப் பேர்போன கான்பூரின் பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் என்று ஒவ்வொன்றிலும் அவர் கை நீண்டது.

வாங்கிய விதம்தான் கவனிக்க வேண்டியது. கடன் வாங்கிப் பங்கு வாங்குவார். அந்தப் பங்கை வங்கியில் அடமானம் வைத்து மேலும் கடன் வாங்குவார். அதைக் கொண்டு அடுத்த கம்பெனியின் பங்கை வாங்குவார். பங்கு விலை ஏறும்வரை இந்தச் சக்கரம் சுற்றும். விலை இறங்கினால் அடமானத்தின் மதிப்பும் இறங்கும், வங்கி மேற்கொண்டு ஈடு கேட்கும், ஈட்டுக்கு விற்றால் விலை இன்னும் இறங்கும். ஆகவே விலை இறங்காமல் பார்த்துக்கொள்வதே அவருடைய முழுநேரத் தொழிலாகிப் போனது. போலிப் பங்குப் பத்திரங்கள் பற்றிய புகார்களும் எழுந்திருந்தன. கல்கத்தா பங்குச் சந்தையில் முந்த்ரா என்ற பெயர் 1957க்கு முன்பே கெட்டிருந்தது.

அந்த ஆண்டு சந்தை சரிந்தது. கழுத்து வரை கடன். தப்பிக்க வழி தேடிய முந்த்ரா, நிதியமைச்சகத்தின் முதன்மைச் செயலாளர் எச்.எம். படேலை அணுகினார். படேல் ஐ.சி.எஸ். அதிகாரி, திறமைக்குப் பேர்போனவர், பிரிவினைக் காலத்தில் அரசு இயந்திரத்தின் சொத்துகளைப் பிரித்துக்கொடுக்கும் சிக்கலான வேலையைச் செய்து காட்டியவர். முந்த்ராவின் கோரிக்கை எளிமையானது. தன் கம்பெனிகளின் பங்குகளை எல்.ஐ.சி. வாங்கிக்கொண்டால் தன் கடன் தீரும்.

ஜூன் கடைசி வாரத்தில் வேலை முடிந்தது. ஜெஸ்ஸாப், ரிச்சர்ட்சன் அண்ட் க்ரட்டாஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன், ஸ்மித் ஸ்டானிஸ்ட்ரீட், ஆஸ்லர் லேம்ப்ஸ், ஏஞ்சலோ பிரதர்ஸ் ஆகிய ஆறு கம்பெனிகளின் பங்குகளை எல்.ஐ.சி. ஏறக்குறைய ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. சந்தையில் போய் வாங்கவில்லை. முந்த்ராவிடமே நேராகப் பேசி வாங்கியது. முதலீட்டுக் குழுவுக்கு விஷயம் தெரிந்தது எல்லாம் முடிந்த பிறகுதான். 21ஆம் பிரிவு கேட்கும் எழுத்துபூர்வமான கட்டளை? அப்படி ஒரு காகிதமே இல்லை.

எல்.ஐ.சி.யின் தலைவராக இருந்தவர் ஜி.ஆர். காமத். நிர்வாக இயக்குநர் எல்.எஸ். வைத்தியநாதன். சாதாரண ஆட்கள் இல்லை. ஆனாலும் டெல்லியின் முதன்மைச் செயலாளர் ஒரு விஷயத்தைச் சொன்னால் அது யோசனையா, உத்தரவா என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ‘மேலே பேசியாச்சு’ என்ற இரண்டு சொல் போதும். பேனா தானாகக் கையெழுத்துப் போட்டுவிடும்.

ஆளுங்கட்சி பெஞ்சிலிருந்து ஒரு குரல்

செய்தி மெல்லக் கசிந்தது. செப்டம்பர் 1957இல் ராம் சுபக் சிங் என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்தில் இதுபற்றிக் கேள்வி எழுப்பினார். அரசின் பதில் வழவழவென்று இருந்தது. அடுத்தடுத்த பதில்களும் முழு உண்மையைச் சொல்லவில்லை.

டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி எழுந்தார். அவர் காங்கிரஸ்காரர். பிரதமரின் மருமகன். பேசாமல் இருப்பதற்கு அவருக்கு இருந்த காரணங்கள் அந்த அவையில் வேறு யாருக்கும் இருந்திருக்காது. தேதி வாரியாக, தொகை வாரியாக, கம்பெனி வாரியாக அவர் எடுத்துவைத்த விவரங்களுக்கு முன் நிதியமைச்சரால் சமாளிக்க முடியவில்லை. முதலீட்டுக் குழுவைக் கேட்டீர்களா, சந்தை விலை என்ன, கொடுத்த விலை என்ன, இவரிடம் வாங்க வேண்டிய அவசியம் என்ன என்று கேள்விகள் வந்து விழுந்தன.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லியாக வேண்டும். நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் பேசியதைப் பத்திரிகை அப்படியே வெளியிட்டால், பேசியவருக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு வெளியிட்டவருக்கு இல்லாமல் இருந்தது. பணக்காரர்கள் அவதூறு வழக்கைக் காட்டி மிரட்டலாம். இதை மாற்ற ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்து 1956இல் சட்டமாக்கியவரும் இதே பெரோஸ் காந்திதான். முந்த்ரா விவாதத்தைப் பத்திரிகைகள் பயமில்லாமல் அச்சிட்டதற்குப் பின்னால் அந்தச் சட்டம் இருந்தது. ஊழலைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. கண்டதைச் சொல்பவனுக்குச் சேதம் வராமல் பார்த்துக்கொள்வது மறுபாதி. இதை அவர் அப்போதே புரிந்துவைத்திருந்தார்.

பம்பாயில் ஒலிபெருக்கி

அரசு பணிந்தது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா ஒருநபர் விசாரணை ஆணையமாக நியமிக்கப்பட்டார். சாக்ளா ஒரு முடிவெடுத்தார்: விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடக்கும். கூட்டம் அலைமோதியது. அறைக்குள் இடமில்லாதவர்கள் கேட்பதற்காக வெளியே ஒலிபெருக்கி கட்ட வேண்டியதாயிற்று. பங்குச் சந்தை பற்றிய விசாரணைக்கு ஜனங்கள் வெயிலில் நின்று காது கொடுத்தார்கள். அது அவர்கள் கட்டிய பிரீமியப் பணம்.

அமைச்சர், செயலாளர், எல்.ஐ.சி. தலைவர், ரிசர்வ் வங்கி ஆளுநர் எச்.வி.ஆர். ஐயங்கார், ஸ்டேட் வங்கித் தலைவர் பி.சி. பட்டாச்சார்யா என்று நாட்டின் நிதி நிர்வாகமே சாட்சிக் கூண்டுக்கு வந்து போனது. தரப்புக்கு ஒரு கதை. கல்கத்தா சந்தை விழுந்துகொண்டிருந்தது, அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் வாங்கினோம் என்பது முக்கியமான வாதம். சந்தையைத் தாங்க வேண்டுமென்றால் சந்தையில் அல்லவா வாங்க வேண்டும்? ஒரே மனிதரின் ஆறு கம்பெனிப் பங்குகளை அவர் வீட்டுவாசலில் போய் வாங்குவது எந்தச் சந்தையைத் தாங்கும்? ரிசர்வ் வங்கி ஆளுநரின் சாட்சியமும் ஸ்டேட் வங்கித் தலைவரின் சாட்சியமும் அந்த வாதத்துக்குத் துணை நிற்கவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. அமைச்சர் சம்மதம் கொடுத்தாரா? அமைச்சருக்குத் தெரிந்துதான் செய்தேன் என்பது படேலின் நிலை. தான் அனுமதி தரவில்லை என்பது டி.டி.கே.யின் நிலை. எல்.ஐ.சி. அதிகாரிகளைக் கேட்டால் மேலிடத்து உத்தரவு என்று நினைத்ததாகச் சொன்னார்கள். நடந்தது முழுவதும் பேச்சு. ஒரு வரி எழுத்து இல்லாததால், நாட்டின் மிக உயர்ந்த பதவிகளில் இருந்த மூன்று நான்கு பேர் ஒருவர் பேச்சை மற்றவர் மறுத்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. எழுத்துபூர்வமான கட்டளை என்ற விதி பாலிசிதாரரை மட்டும் காப்பதற்காக எழுதப்படவில்லை. அதைக் கடைப்பிடித்திருந்தால் இவர்கள் எல்லோரையும் அது காப்பாற்றியிருக்கும்.

சாக்ளா 24 நாட்களில் வேலையை முடித்தார். ஆணையங்களின் ஆயுளைப் பார்த்துப் பழகிய நமக்கு அது நம்பக் கடினமான வேகம். அறிக்கையின் சாரம் இது: செயலாளர் செய்ததற்கு அரசியல் சாசனப்படி அமைச்சரே பொறுப்பு, அவர் அதிகாரிகளின் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியாது, அவர்கள் செய்ததைத் தனக்குச் சம்பந்தமில்லை என்று உதறவும் முடியாது. டி.டி.கே. பதவி விலகி சென்னைக்குத் திரும்பினார்.

அறிக்கையில் இன்னொரு பகுதி உண்டு. பதவி விலகல் பரபரப்பில் அது அதிகம் பேசப்படவில்லை. ஆனால் இந்தத் தொடருக்கு அதுவே முக்கியம். தன்னாட்சி பெற்ற நிறுவனங்களின் அன்றாட வேலையில் அரசு தலையிடக் கூடாது; தலையிட்டே ஆக வேண்டுமென்றால் எழுத்தில் தர வேண்டும். இத்தகைய நிறுவனங்களின் தலைமைக்கு வணிகமும் நிதியும் பங்குச் சந்தையின் போக்கும் தெரிந்தவர்கள் வர வேண்டும். அரசு அதிகாரிகளை அங்கே அமர்த்தினால், தங்கள் கடமை அந்த நிறுவனத்துக்குத்தான், மூத்த அதிகாரிகளின் செல்வாக்குக்கு வளையக் கூடாது என்பதை அவர்களுக்கு உணர்த்த வேண்டும். பாலிசிதாரரின் பணம் பாலிசிதாரரின் நன்மைக்கே. அமைச்சர் நாடாளுமன்றத்திடம் உண்மையை முதல் கட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆகின்றன. இன்று எந்தப் பெரிய நிறுவனத்தின் ஒழுங்குமுறைக் கையேட்டைத் திறந்தாலும் இதே கருத்துகள் நீண்ட வாக்கியங்களில் இருக்கும்.

பிறகு என்ன ஆனார்கள்?

முந்த்ரா டெல்லியில் ஒரு சொகுசு ஹோட்டலில் கைது செய்யப்பட்டார், சிறைக்கும் போனார். அதிகாரிகளின் பங்கை ஆராய நீதிபதி விவியன் போஸ் தலைமையில் இன்னொரு குழு அமைந்தது. அதன் அறிக்கை, முந்த்ரா காங்கிரசுக்குக் கொடுத்த தேர்தல் நிதியையும் தொட்டது. கோபமடைந்த நேரு, நீதிபதியின் அறிவையே குறைத்துச் சொல்லும் வகையில் பத்திரிகையாளர்களிடம் பேசிவிட்டு, கண்டனம் எழுந்ததும் வருத்தம் தெரிவித்தார். படேல் அரசுப் பணியை விட்டு குஜராத்தின் வல்லப் வித்யாநகரில் கல்விப் பணிக்குப் போனார். காலத்தின் விளையாட்டு, 1977இல் ஜனதா ஆட்சியின் நிதியமைச்சராக, நிதியமைச்சகம் இயங்கிய அதே நார்த் பிளாக்குக்குத் திரும்பினார். டி.டி.கே.யும் 1962இல் அமைச்சரவைக்குள் வந்து, 1963இல் மறுபடியும் நிதியமைச்சரானார். பெரோஸ் காந்தி 1960 செப்டம்பரில் காலமானார். அவருக்கு வயது 48கூட நிறையவில்லை.

இன்னொரு டிசம்பர் 16

பெரோஸ் காந்தி பேசிய நாளிலிருந்து சரியாக 51 ஆண்டுகள் கழித்து, 2008 டிசம்பர் 16 அன்று, ஹைதராபாதின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் இயக்குநர் குழு கூடியது. தலைவர் ராமலிங்க ராஜு, தன் குடும்பத்தாருக்குச் சொந்தமான மேட்டாஸ் பெயர் கொண்ட இரண்டு கம்பெனிகளைச் சுமார் 160 கோடி டாலருக்குச் சத்யம் வாங்க வேண்டும் என்றார். மேசையைச் சுற்றி முன்னாள் அமைச்சரவைச் செயலாளரும் ஹார்வர்டு பேராசிரியரும் உட்பட மதிப்புக்குரிய சுயேச்சை இயக்குநர்கள் இருந்தார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பங்குதாரர்கள் கொதித்தெழ, சில மணி நேரத்தில் அது கைவிடப்பட்டது. மூன்று வாரத்தில், 2009 ஜனவரி 7 அன்று, கணக்கில் காட்டிய 5,040 கோடி ரூபாய் ரொக்கம் உண்மையில் இல்லவே இல்லை என்று ராஜுவே எழுதிக் கொடுத்தார்.

1957இல் எல்.ஐ.சி.யிடம் தணிக்கைக் குழு, சுயேச்சை இயக்குநர் போன்ற இன்றைய ஏற்பாடுகள் கிடையாது. கேள்வி கேட்க ஆள் இருந்தார். 2008இல் சத்யத்திடம் அத்தனை ஏற்பாடும் இருந்தது. சிறந்த நிறுவன நிர்வாகத்துக்கான விருதுகூட இருந்தது. அந்த மேசையில் ‘முடியாது’ என்று சொல்ல ஆள் இல்லை.

சத்யத்துக்குப் பிறகு வந்த 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் பல பூட்டுகளைப் புதிதாகப் போட்டது. பெரிய மோசடியைக் கண்ட தணிக்கையாளர் அதை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளில், தவறைச் சுட்டிக்காட்டும் ஊழியர் பழிவாங்கப்படாமல் இருக்க ஓர் ஏற்பாடு வேண்டும். தேவைப்பட்டால் அவர் தணிக்கைக் குழுத் தலைவரையே நேராக அணுகலாம். மோசடிக்குப் பத்தாண்டு வரை சிறை. எல்லாம் தேவையானவை. ஆனால் எல்.ஐ.சி. சட்டத்தின் 21ஆம் பிரிவும் தேவையானதுதான், தெளிவானதும்கூட. அதைப் படித்திருந்தவர்கள்தான் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அந்த ஜூன் வாரத்தில் எல்.ஐ.சி. அலுவலகத்திலிருந்து ஒருவர் டெல்லிக்கு ஒரே ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதும்: ‘தாங்கள் சொன்னதை 21ஆம் பிரிவின்படி எழுத்தில் தாருங்கள், முதலீட்டுக் குழுவில் வைத்து முடிவைச் சொல்கிறோம்.’ படேல் யோசித்திருப்பார். டி.டி.கே. விழித்திருப்பார். முந்த்ரா வேறு கதவைத் தட்டப் போயிருப்பார். அந்தக் கடிதத்தை எழுதுவது எந்த விதிக்கும் விரோதமில்லை. விதியே அதைத்தான் கேட்டது. எழுதுபவருக்கு என்ன ஆகும் என்ற பயம் மட்டுமே தடுத்தது.

ஆகவே, ஒரு நிறுவனம் நேர்மையானதா என்று அறிய அதன் விதிப் புத்தகத்தின் தடிமனைப் பார்க்காதீர்கள். ‘எழுத்தில் கொடுங்கள் சார்’ என்று கடைசியாகக் கேட்ட குமாஸ்தாவோ மேலாளரோ இப்போது எந்த நாற்காலியில் இருக்கிறார் என்று விசாரியுங்கள். பதவி உயர்வு பெற்றிருந்தால் உங்கள் பணத்தை அங்கே நம்பிப் போடலாம். ஊர் மாற்றப்பட்டிருந்தால், அந்த நிறுவனத்தின் முந்த்ரா ஏற்கெனவே கதவுக்கு வெளியே வந்து நிற்கிறார்.

(தொடரும்)